உறுதி வேறு, பிடிவாதம் வேறு

எம் தோட்டப் பள்ளியின் விளையாட்டு விழாவில் ஒருமுறை, நன்றாக ஓடக்கூடிய மாணவன் ஒருவன், “தைப்பூச நோன்பு முடியும்வரை பந்தயத்தில் இறங்குவதில்லை என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன், ஐயா” என்றான். பிடிவாதம் என்று கடிந்துகொண்டேன். பின்னர் என் நெஞ்சு உறுத்தியது. உறுதியும் பிடிவாதமும் புறத்தே ஒன்றுபோல் தோன்றுவன. அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? எரிக் லிடல் என்ற ஓட்ட வீரரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த லிடல், 1902ஆம் ஆண்டு சீனாவின் தியன்சின் நகரில் பிறந்தார். பெற்றோர் கிறித்துவ சமயத் தொண்டர். ஞாயிற்றுக்கிழமை இறைவனுக்குரிய நாள். அன்று போட்டியில் இறங்கலாகாது என்பது அவர் கொள்கை. 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில், அவருக்குக் கைவந்த 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று அமைந்தது. அவர் விலகினார். கப்பலேறும் வேளையில்தான் அவர் இதனை அறிந்தார் என்று 1981இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று காட்டுகிறது. உண்மை அதுவன்று. பல திங்களுக்கு முன்னரே அட்டவணையை அறிந்து, 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்தார். ஞாயிறன்று நடக்கவிருந்த தொடர் ஓட்டங்களையும் துறந்தார். 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். ஜூலை 11ஆம் நாள் 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசே அப்பதக்கம் என்பாரும் உளர். மாணவர்க்கு அவ்வாறு கற்பித்தல் பொருந்தாது. தோற்றிருந்தால் அவர் கொள்கை பொய்யாகிவிடுமா? வெல்வது உறுதி என்று தெரியாதபோதே அவர் இழக்கத் துணிந்தார். பெருமை அதில்தான் இருக்கிறது.

1925இல் லிடல் தியன்சினுக்குத் திரும்பி, பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியரானார். போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டு, ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கும் சிறுவர்க்குப் பாடம் சொன்னார். விளையாட்டு நடத்தினார், ஞாயிறு நீங்கலாக. ஒரு ஞாயிறன்று இளைஞர் நடுவரின்றி ஹாக்கி ஆடினர். ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடலே நடுவராக நின்றார்! 1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளைக் கட்டியால் அம்முகாமிலேயே காலமானார்.

தம் புகழை இழக்க நேர்ந்தபோது தளராதவர், பிள்ளைகளின் நலத்துக்காகத் தளர்ந்தார். இதுவே உரைகல். தன் கொள்கைக்குரிய விலையைத் தானே கொடுப்பது உறுதி. அதைப் பிறர் தலையில் சுமத்துவது பிடிவாதம்.

ஆசிரியத் தோழர்களே! “இன்று ஓடேன்” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அதனால் இழப்பவர் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அன்று எம் மாணவன் இழந்தது தன் பரிசை மட்டுமே. நான் அவனைக் கடிந்திருக்கலாகாது.