தலைக்கவசமும் படுக்கை விரிப்பும்: விசை கற்றுத்தரும் பாடம்

தருமபுரியிலிருந்து ஓமலூர் நோக்கி வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூர் கணவாயில் சரிவாக இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரியை அங்கே கீழ்நோக்கி இழுப்பது புவியீர்ப்பு விசை. அதைக் கட்டுப்படுத்துவது பிரேக்கின் உராய்வு விசை. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆகவேதான் சரிவில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்க வேண்டும். உராய்வு தோற்றால் என்ன நேரும் என்பதை, விபத்துப் பிரிவின் வாசலில் காத்திருந்த குடும்பங்கள் அறியும்.

விசை என்பது என்ன?

தள்ளுவதும் இழுப்பதும் விசையே. நிற்கும் பொருளை நகர்த்துவதும், ஓடும் பொருளை நிறுத்துவதும், திசையை மாற்றுவதும், வடிவத்தைச் சிதைப்பதும் அதன் செயல்கள். இவற்றை 1687இல் நியூட்டன் மூன்று விதிகளாக வகுத்து வெளியிட்டார். ஓடும் பொருள், வேறொரு விசை தடுக்கும்வரை அதே வேகத்தில் ஓடும் என்பது முதல் விதி. வண்டி மோதி நின்றாலும், அதில் அமர்ந்திருந்தவர் முன்னோக்கி எறியப்படுவது இதனால்தான்.

இரண்டு சென்டிமீட்டரின் மதிப்பு

நின்றிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தால்கூட ஆபத்து உண்டு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அந்த வேகம் எவ்வளவு தொலைவுக்குள் அடங்குகிறது என்பதே காயத்தின் கடுமையைத் தீர்மானிக்கிறது. வெறுந்தலை அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், அதன்மேல் சராசரியாகத் தலையின் எடையைப் போல் சுமார் 300 மடங்கு விசை தாக்கும். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் அடுக்கு இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால், அது சுமார் 60 மடங்காகக் குறையும். அடுக்கு நசுங்குவதால்தான் தலை தப்புகிறது. நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலைக்கு வராது. எனவே ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மாற்றிவிட வேண்டும். தாடை வார் பூட்டப்படாத கவசம் தலைக்கு முன்பே கழன்று பறந்துவிடும்.

படுக்கையிலும் விசை உண்டு

விபத்தில் ஒரு நொடிக்குள் தாக்கும் விசை, படுக்கையில் மணிக்கணக்காக மெல்ல அழுத்துகிறது. படுத்திருப்பவரின் உடல் எடை இடுப்பின் பின்புறம், குதிகால் போன்ற எலும்பு துருத்திய சிறு இடங்களில் குவிகிறது. ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கித் தோலுக்கு இரத்தம் செல்வது தடைபடுகிறது. படுக்கைப் புண் இப்படித்தான் தொடங்குகிறது.

தாமாகத் திரும்ப இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள். குதிகால் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால், எடை அகலமான பரப்பில் பரவும். நோயாளியை மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காதீர்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் தசையும் எலும்பும் நகர்வதால் திசுக்கள் பிய்கின்றன. இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். அப்போது உங்கள் முழங்காலை மடக்கி, நோயாளிக்கு நெருக்கமாக நின்றால் உங்கள் முதுகின்மீது விழும் பளுவும் குறையும். எலும்பு முறிவோ முதுகெலும்புக் காயமோ இருந்தால், செவிலியரைக் கேட்காமல் அசைக்க வேண்டாம்.

விசையை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் ஒரே இடத்திலும் ஒரே நொடியிலும் குவியவிடாமல் பரப்ப முடியும். உறவினரைப் பார்த்துவிட்டு இன்று மாலை வண்டியில் வீடு திரும்பும் அன்பர்களே, கண்ணாடியில் தொங்கும் தலைக்கவசத்தை எடுத்து அணிந்து, வாரைப் பூட்டிய பின் புறப்படுங்கள்.