சிபாரிசை விலைக்கு வாங்கலாமா?

வணிகப் பெருமக்களாகிய நம்மில் பலர் இன்று கடைக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். வைத்த சில மாதங்களில் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். கூகுளில் தேடினால் நம் கடை நாலாவது பக்கத்தில் கிடக்கிறது, நேற்றுத் தொடங்கிய கடை முதலில் நிற்கிறது. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே சிலர் நமக்குப் போன் செய்கிறார்கள். மாதம் இவ்வளவு கட்டினால் ஆயிரம் பேக்லிங்க் போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக உறுதி கூறுகிறார்கள். பணம் கொடுக்குமுன் அது என்ன சரக்கு என்று நாம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பேக்லிங்க் என்பது, வேறொருவரின் தளத்தில் நம்மைக் குறிப்பிட்டு, அந்த இடத்தைத் தொட்டால் நம் பக்கம் திறக்கும்படி அவர் வைக்கும் இணைப்பு. இதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது வியாபாரிகளுக்கு எளிதில் புரியும். வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் புதிதாக வந்து கடனுக்குச் சரக்குக் கேட்டால், அவர் தம்மைப் பற்றிச் சொல்வதை வைத்து நாம் பில் போடுவதில்லை. அந்த ஊரில் பழக்கமான இரண்டு கடைகளில் விசாரிக்கிறோம். பல வருடம் நாணயமாக நடக்கும் மண்டிக்காரர் "கொடுக்கலாம்" என்று சொன்னால் அந்த ஒரு சொல் போதும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நற்சாட்சி சொல்பவரின் பேச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-ல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது கையில் வைத்திருந்தது ஏறக்குறைய இதே கணக்குத்தான். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, சுட்டுகிற பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றும் பார்த்தார்கள். அந்தப் பக்கம் பத்துப் பேரைச் சுட்டினால் அதன் மதிப்பு பத்துப் பங்காகப் பிரியும். ஆயிரம் பேரைச் சுட்டினால் ஆயிரம் பங்காகும். இன்று கூகுள் பார்க்கும் சங்கதிகள் ஏராளம், இணைப்பு அவற்றில் ஒன்று. ஆனாலும், ஊர் பேர் தெரியாத ஒரு பட்டியல் பக்கத்தில் ஆயிரம் பேருக்கு நடுவே நம்மையும் சேர்ப்பதற்குக் காசு கேட்பவர் நமக்குத் தருவது எவ்வளவு என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பயன் இல்லாமல் போவதோடு இது நின்றால் பரவாயில்லை. ஜே.சி.பென்னி என்பது 1902-ல் தொடங்கி அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பிய பெரிய கடை. 2010-ம் ஆண்டு இறுதியில், அவர்களுடைய கிறிஸ்துமஸ் வியாபாரம் நடக்கும் மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அந்தக் கடையே முன்னால் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைத் துருவிப் பார்த்து எழுதியது. துணிமணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்கள் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில், உடைகளின் பெயரைப் போட்டு அந்தக் கடைக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். கூகுள் நடவடிக்கை எடுத்தது. சாம்சோனைட் பெட்டி என்று தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போய்விட்டது. தாங்கள் இதற்கு அனுமதி தரவில்லை என்று கூறிய நிறுவனம், தேடல் வேலையைப் பார்த்த ஆலோசனைக் கம்பெனியை விலக்கியது. ஏஜென்டு செய்த வேலைக்கு அடி விழுந்தது கடைக்குத்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். போனில் பேசுகிறவர் நம் பெயரில் எங்கெங்கே என்னென்ன ஒட்டுகிறார் என்று நமக்குத் தெரியாது.

2013 பிப்ரவரியில் இங்கிலாந்தில் இன்டர்ஃபுளோரா என்ற பூ வியாபார நிறுவனத்துக்கும் இப்படியே நடந்தது. கடையின் சொந்தப் பெயரைத் தேடினால்கூட அது கிடைக்காமல் சில நாட்கள் போயின. இன்டர்ஃபுளோராவுக்கு இது நடப்பதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், செயற்கை இணைப்புகளைக் கண்டுபிடிக்க பெங்குவின் என்ற ஏற்பாட்டைக் கூகுள் கொண்டுவந்துவிட்டது. அது 2016 முதல் இடைவிடாமல் இயங்கும்படி ஆகிவிட்டது.

இதனால் விளம்பரமே கொடுக்கக் கூடாது என்று எண்ண வேண்டாம். காசு கொடுத்து வைக்கும் விளம்பர இணைப்பில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' என்ற குறிப்பை உள்ளே சேர்க்கச் சொன்னால் போதும். ஆள் வருவார்கள், கூகுளும் குற்றம் சொல்லாது. விலைக்கு வாங்கியதைத் தானாக வந்த சிபாரிசு போலக் காட்டுவதுதான் தப்பு.

நமக்குத் தானாக வரவேண்டிய இணைப்புகளையே நாம் கேட்டு வாங்குவதில்லை. எந்தக் கம்பெனிக்கு நாம் ஸ்டாக்கிஸ்டாக இருக்கிறோமோ அந்தக் கம்பெனியின் தளத்தில் டீலர் பட்டியல் இருக்கும். அதில் நம் தள முகவரி இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தோம்? சங்கங்களின் உறுப்பினர் பட்டியலும் அப்படியே. அடுத்து, நமக்குத் தெரிந்ததை எழுதி வைக்கலாம். வத்தல் வியாபாரி ஒருவர் முண்டுக்கும் சம்பாவுக்கும் நிறம், காரம், தோல் எப்படி வேறுபடும், ஈரம் அதிகமானால் மூட்டை என்ன ஆகும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பக்கம் எழுதினால், சமையல் எழுதுகிறவரும் மசாலாக் கம்பெனியும் தாமே அதைச் சுட்டிக்காட்டுவார்கள். வேறெங்கும் கிடைக்காத விவரம் நம் கிட்டங்கியில்தான் இருக்கிறது. உள்ளூர்ச் சில்லறைக் கடைகளுக்கு இத்தனை வேலைகூட வேண்டாம்; கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், விலாசம், திறக்கும் நேரம் சரியாக இருப்பதே முதல் தேவை.

யார் யார் நம்மைச் சுட்டுகிறார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் பார்க்கலாம். நம் மீது நடவடிக்கை எடுத்திருந்தால் அதுவும் அங்கே தெரியும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வருடக்கணக்கில் சேர்ந்த இணைப்புகள் எல்லாம் மூடிய கதவில் போய் முட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். இணைப்புகள் அத்தனையும் சுட்டுவது நம் டொமைன் பெயரை. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பது பரவலாக நடக்கிறது. அவரோடு பேச்சு முறிந்தால் முகவரியும் அதோடு சேர்ந்த சிபாரிசும் அவர் கையில் நின்றுவிடும். புதுப்பிக்கும் ரசீதை எடுத்து, உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் நம்முடையதா, கெடு எந்தத் தேதி என்று இந்த வாரமே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வோம்.