புது இன்ஜினும் பழைய ரேடியேட்டரும்

இன்ஜின் போய்விட்டது என்று பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வேற இன்ஜின் போட எவ்வளவுங்க ஆகும்?" என்பதுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "பழசு எதனால போச்சு?" கோவையில் போரிங், ஃபேசிங், கிராங்க் கிரைண்டிங் என்று இன்ஜின் வேலையிலேயே வயதைக் கழித்தவன் நான். பெட்ரோல் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல இன்ஜின் தானாகச் சாவது அபூர்வம். ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அந்தக் காரணத்தை வண்டிக்குள்ளேயே விட்டுவைத்தால், அடுத்து வரும் இன்ஜினையும் அதுவே தின்றுவிடும்.

ஒரு நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தரம் மேலே போய்க் கீழே வருகிறது. நான்கு சிலிண்டரிலும் சேர்த்து நொடிக்கு 100 தரம் பெட்ரோல் எரிகிறது. எரிவதில் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவாகவே, வண்டியை ஓட்டும் சக்தியாக மாறுகிறது. இன்னொரு பெரும்பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மீதியைத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். அதாவது, கிராங்க் கொடுக்கிற சக்திக்குக் கிட்டத்தட்டச் சமமான வெப்பத்தை ரேடியேட்டர் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் ரேடியேட்டரை ஒரு சில்லறைச் சாமானாக நினைக்க மாட்டார்கள்.

ஓர் எஸ்டீமின் கதை

மாருதி எஸ்டீம் 1994-இல் வந்து 2007 வரை விற்ற கார். அதன் 1,298 சிசி இன்ஜினை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலிண்டர் குறுக்களவு 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ். கனம் குறைவு, ஓட்டம் சுறுசுறுப்பு. ஆனால் சூட்டை மட்டும் தாங்காது.

அப்படி ஒரு எஸ்டீமை ஒரு தம்பி கட்டியிழுத்துக்கொண்டு வந்தார். வேறொரு பட்டறையில் இன்ஜின் மாற்றியிருந்தார்கள்.

"புது இன்ஜின் போட்டு நாலு மாசங்கூட ஆகலீங்கண்ணா. மறுபடியும் சூடாகி நின்னுபோச்சு."

"ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் மாத்துனாங்களா தம்பி?"

"அது பழசேதானுங்க. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க."

ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர் இறங்கும் மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை உப்பும் செந்துருவும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தன. கம்பியை விட்டால் உள்ளே போகவில்லை. வாட்டர் பம்பைக் கழற்றினால், தண்ணீரைத் தள்ள வேண்டிய இம்பெல்லரின் இதழ்கள் துருவில் கரைந்து ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக நின்றன. கூலன்ட் என்பதையே அந்த வண்டி பார்த்ததில்லை. போர்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் ஊரிலும் வண்டிக்கு ஊற்றுவது பெரும்பாலும் போர்த் தண்ணீர்தான். அதிலுள்ள உப்பு குழாய்க்குள் படிந்துவிட்டால் எவ்வளவு நல்ல இன்ஜினும் வெந்துபோகும்.

சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால், பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்போம். இந்த வகைச் சிறிய ஹெட்டுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை, ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதற்கு மேல் வளைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் பிடிக்காது. தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் சாதாரணம். அதைச் செய்யாதீர்கள். ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும் அந்தச் சிறு கதவுதான் இன்ஜினைச் சரியான சூட்டில் வைக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும். அதைக் கழற்றுவது அடைத்த ரேடியேட்டருக்கு மருந்தும் ஆகாது.

பிரித்த இன்ஜின் என்ன சொல்லும்?

பழைய இன்ஜினைப் பிரித்து, மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். தண்ணீர் புகுந்த சிலிண்டரில் பிஸ்டன் தலையில் கரி இருக்காது. ஆவியில் கழுவப்பட்டுப் பளிச்சென்று இருக்கும். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்குக் கீறல் இருந்தால் சூடு அல்லது ஆயில் பஞ்சம். பேரிங் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் ஆயிலைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். சிலிண்டரின் மேல்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி படி விழுந்திருந்தால், வயது அல்லது ஏர் ஃபில்டர் வழியே புகுந்த தூசி. உங்கள் மெக்கானிக் பிரிக்கும் அன்று நீங்கள் அங்கே இருங்கள். காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அதன் பிறகுதான் எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டும். வழிகள் நான்கு.

முதலாவது, இருக்கிற இன்ஜினின் சிலிண்டரையே சற்று அகலமாகக் கடைந்து ரீபோர் செய்வது. எஸ்டீமுக்கு 0.25, 0.50 மி.மீ. கூடுதல் அளவில் பிஸ்டன் உண்டு. பிஸ்டன் கைக்கு வந்து அதை அளந்த பிறகே நான் போரிங் போடுவேன். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். பிளாக்கில் விரிசல் இல்லையென்றால் இதுவே என் முதல் விருப்பம்.

இரண்டாவது, ஹாஃப் இன்ஜின். பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்த்துக் கட்டி வருவது. உங்கள் பழைய ஹெட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும். வளைந்த ஹெட்டை ஃபேசிங் செய்து மட்டமாக்காமல் ஏற்றினால் செலவெல்லாம் வீண்.

மூன்றாவது, ஹெட்டோடு வரும் முழு இன்ஜின். கிடைத்தால் நிம்மதி. விலைதான் கூடுதல், பழைய மாடல்களுக்குக் கிடைப்பதும் அரிது.

நான்காவது, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின். பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையை எல்லோருக்கும் தெரியும். அப்படி வாங்கும்போது வெளியே கழுவிப் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். எஸ்டீம் மாதிரி இன்ஜினில் சதுர செ.மீ.க்கு 12 முதல் 14 கிலோ வர வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு மேல்.

வேறு இன்ஜின் போடும் ஆசை

பெரிய இன்ஜினாகப் போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். அதன் பழைய 1,489 சிசி இன்ஜினுக்குக் கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்; சிலிண்டர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. என்று நீண்ட ஓட்டம். 1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே காரில் 1,817 சிசி இசுஸு பெட்ரோல் இன்ஜினையும் கொண்டுவந்தது. 84-க்கு 82 மி.மீ., மெயின் பேரிங் ஐந்து. இன்ஜினோடு ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. கார் கம்பெனியே கியர் பெட்டியைத் தொடாமல் இன்ஜினை மாற்றவில்லை. சென்சரும் கம்ப்யூட்டரும் உள்ள இன்றைய காரில் இது இன்னும் பெரிய வேலை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். ஆகவே பழைய இன்ஜின் வாங்கும்போது பில்லும், அது வந்த வண்டியின் காகிதமும் கட்டாயம். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் தலையில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் அன்று

இன்ஜின் வெளியே இருக்கும்போதே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், ஹோஸ் அத்தனையும் புதிதாகப் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூலி கொடுப்பதைவிட இது மலிவு. ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சில கட்டங்களாக, டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். கை பழக்கத்தில் முடுக்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் சுழற்றி ஆயில் பிரஷர் வரவழைக்க வேண்டும்.

முதல் 1,000 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். பாரம் ஏற்றி மலை ஏறாதீர்கள். ரிங் சுவரோடு இணங்க அந்தக் காலம் வேண்டும். அதன் பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கூலன்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் சரியான அளவில் கலந்து ஊற்றுங்கள்.

பட்டறையிடம் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் அளவு, பிஸ்டன் இடைவெளி, ஹெட் வளைவு, கம்ப்ரஷன், பழைய இன்ஜின் போன காரணம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். அளந்து வேலை செய்தவருக்கு எழுதிக் கொடுப்பது பெருமை. கடைசி வரியை எழுத முடியாத பட்டறையில் புது இன்ஜினுக்குப் பணம் கட்டாதீர்கள்.