புல் விரிக்க வந்தவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தாரா?

எங்கள் பக்கம் ‘தோட்டம்’ என்றால் ரப்பரும் செம்பனையும்தான். வீட்டு வாசலில் இருப்பதற்குத் தனிப்பெயர் கிடையாது. ஆனாலும் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்து லயன் வீடுகளில் முன்னால் செம்பருத்தி, பின்னால் முருங்கை, அடுப்படி ஓரம் கறிவேப்பிலை கட்டாயம் இருக்கும். பிறகு தாமானுக்கு வந்தோம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. கையகல நிலத்தைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் தேட வேண்டியதாகிவிட்டது.

நானும் தேடினேன். முகநூலில் படங்கள் பிரமாதம். வந்தார்கள், அளந்தார்கள், “நாளைக்கே முடிச்சிடலாம்” என்றார்கள். முன்பணம் 1,500 ரிங்கிட். ஒரே நாளில் வாசல் பச்சையானது. ஆறாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது, புல் அழுகியது, தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அம்மா ஒரு மூலையில் புல்லைத் தூக்கிக் காட்டினார். கீழே உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட், அதன்மேல் விரல் தடிமனுக்கு மண். “பாய் விரிச்சிட்டுப் போயிருக்கானுங்க” என்றார்.

கோல சிலாங்கூரின் கடலோரப் பகுதி களிமண் பூமி. தண்ணீரைச் சீக்கிரம் விடாது. போதாததற்கு, வீடு கட்டும்போது கொட்டி இறுக்கிய மண் வேறு. ஆகவே, விலை பேசும் முன் ஆள் மண்வெட்டியால் ஓரிடத்தையாவது தோண்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கட்டடக் குப்பையை அகற்றி, அரையடி ஆழம் கிளறி, மணலும் உரமும் கலந்து, கால்வாய்ப் பக்கம் சரிவு வைத்த பிறகே புல். எந்தப் புல் என்றும் கேளுங்கள். நிழல் விழும் வாசலுக்கு ஜப்பான் புல்லைச் சிபாரிசு செய்தால் நம்பாதீர்கள். அதற்கு நல்ல வெயில் வேண்டும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்திற்கு மாட்டுப்புல் போதும்.

போன வாரம் முடித்த வேலையின் படம் எதற்கும் உதவாது. ஒரு வருடத்திற்கு முன் செய்து கொடுத்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டியிருக்குமே!

களையை எப்படி ஒழிப்பார் என்பதையும் கேட்டாக வேண்டும். அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். நகம் கறுத்துக் கழன்ற கதையை இப்போதும் சாதாரணமாகத்தான் சொல்வார். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. பெயர் எழுதாத போத்தலோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அலங்காரத் தொட்டி, நீரூற்று என்று ஆசை காட்டினால், தண்ணீரை யார் மாற்றுவது என்று முதலில் பேசுங்கள். டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் நம்முடையது.

புல் வகை, செடிகளின் எண்ணிக்கை, பட்டுப்போனால் மாற்றித் தரும் காலம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். புலனத்தில் அனுப்பினாலும் சரி. பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். எஸ்.எஸ்.எம். பதிவு எண்ணும் முகவரியும் வாங்கி வையுங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். முகவரியே தெரியாத ஆள்மீது எப்படிப் புகார் கொடுப்பது? நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் எங்களுக்கு அமைந்தவர், தோட்டத்தை விற்றபோது வேலை இழந்த ஒரு பெரியவர். ரசீது கிடையாது, முகநூல் கிடையாது. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “மழை பெஞ்சா தண்ணி எங்கம்மா நிக்குது?” ஒரு தடவைக்கு 60 ரிங்கிட் கேட்டார். பேரம் பேச வாயெடுத்தேன், அம்மா முறைத்தார். கம்பெனிக்காரர்களிடம் முன்பணத்தை நீட்டும்போது வராத கணக்கு, இப்படிப்பட்டவர்களிடம் மட்டும் நமக்கு ஏன் வருகிறதோ!

இப்போது மூலையில் தண்ணீர் நிற்பதில்லை. கறிவேப்பிலைக்குத்தான் இடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சுவரோரம் மாற்றி வைக்கிறேன் என்றிருக்கிறார்.