பரண்மேல் கிடக்கும் தாமிரம்

நமது பாட்டிமார் காலத்துச் சமையலறையில், குப்பை என்று ஒதுக்கத்தக்க உலோகம் ஒரு குன்றிமணி அளவும் இருந்ததில்லை. பித்தளைத் தவலை ஓட்டையானால் பற்றவைத்துக்கொண்டார்கள். உட்புறத்து ஈயம் தேய்ந்தால் பூசுகிறவரை வாசலுக்கு அழைத்தார்கள். இனி எதற்கும் உதவாது என்று ஆனபின் பாத்திரக் கடைத் தராசில் ஏற்றி, சேதாரம் கழித்துக்கொண்டு, அதையே புதுப் பாத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 'ஓட்டை உடைசலுக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிச் சென்றவருக்கும் அந்த வீட்டாருக்கும் உலோகத்தின் மதிப்பு ஒன்றுபோலத் தெரிந்திருந்தது.

இன்று அந்த இடத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் பிரிட்ஜும் மைக்ரோவேவ் அடுப்பும் வந்து அமர்ந்திருக்கின்றன. வந்ததில் குற்றமில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த கைகளுக்கு அவை அளித்த ஓய்வைக் குறைத்துப் பேசுவோர், ஒரு நாளேனும் தாமே குழவியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நலம். ஆனால் வந்த யந்திரம் ஒரு நாள் நின்றுபோகும் என்பதையும், நின்றபின் அதன் கதி என்ன என்பதையும் நாம் சிந்திக்கவில்லை. பித்தளைத் தவலையின் உலோகம் கண்ணுக்குத் தெரிந்தது. மிக்ஸியின் உலோகமோ பிளாஸ்டிக் கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. மறைந்திருப்பதால் அதை மறந்தோம்.

2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டுச் சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் இலவசமாக வழங்கத் தொடங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்து வந்த சில வருஷங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. கொடுத்தது சரியா தவறா என்ற பழைய வழக்கை இங்கே மறுபடியும் விசாரிக்கப் போவதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த அந்த யந்திரங்கள் பரணுக்கும், பரணிலிருந்து காயலான் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. கொடுப்பதற்குத் திட்டம் இருந்தது. திரும்ப வாங்குவதற்குத் திட்டம் எங்கே என்பதே நமது கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நின்றுபோன யந்திரமெல்லாம் செத்துப்போன யந்திரம் அல்ல. மிக்ஸியில் கடினமான பண்டத்தைப் போட்டு வெகுநேரம் ஓட்டினால், மோட்டாரைக் காக்கும் பொருட்டு உள்ளிருக்கும் ஒரு சாதனம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் யந்திரம் மீண்டும் ஓடும். இதை அறியாது கடையில் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. மோட்டாரின் சுழலும் பகுதியோடு உராய்ந்துகொண்டே இருக்கும் கார்பன் பிரஷ் என்ற இரண்டு கரித்துண்டுகள் தேய்ந்துபோவதும் இயல்பு. அவற்றை மாற்ற ஆகும் செலவு சொற்பம். நமது வீட்டு மிக்ஸியும் இவ்விதமே ஒரு வருஷ காலம் பரணில் கிடந்தது. பழுது பார்ப்பவர் அரைமணி நேரத்தில் அதை ஓடவைத்து, 'உயிருள்ளதைப் புதைக்கப் பார்த்தீர்களே' என்று சிரித்தார். நாம் தலைகுனிந்து கூலி கொடுத்தோம். ஆகையால் பழுது பார்ப்பது முதல். பிரிப்பது அதற்குப் பின்னர்தான்.

பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. சம்மட்டியால் அடித்து நொறுக்குவது பிரிப்பது ஆகாது. மிக்ஸியின் சுவிட்ச், கப்ளர், ஜார், மூடி, ஆர்மேச்சர் ஆகியவை இன்னொரு மிக்ஸிக்கு உயிர் கொடுக்கும். கிரைண்டரின் எவர்சில்வர் பாத்திரம், கருங்கல் உருளை, பெல்ட், மோட்டார் யாவும் அப்படியே. உறுப்பாக விற்றால் வரும் விலை எடைக்குப் போட்டால் வராது என்பதை அத்தொழிலில் உள்ளவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். உறுப்பாகப் பயன்படாதவற்றை மட்டுமே உலோகமாகப் பார்க்க வேண்டும். மோட்டாரின் சுருளில் தாமிரம் இருக்கும். மலிவான சில யந்திரங்களில் அலுமினியமே இருக்கும். சுருளைத் தாங்குவது தகடு தகடாக அடுக்கிய உருக்கு. தாமிரம் எத்தனை முறை உருக்கினாலும் தன் குணம் கெடாதது. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவையான சக்தியில் நூற்றுக்கு 5 பங்கே போதும்.

இது வீட்டுச் சிக்கன விஷயம் மாத்திரம் அன்று. தேசத்தின் பொருளாதார விஷயம். 2018-ம் வருஷம் தூத்துக்குடித் தாமிர உருக்காலை மூடப்பட்டபின், சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த நமது தேசம் இறக்குமதி செய்யும் தேசமாக மாறிற்று. அந்த ஆலையை எதிர்த்த ஜனங்கள் கேட்டது காற்றும் நீரும் கெடாத வாழ்க்கை. அது நியாயமான கோரிக்கை. பூமியைத் தோண்டாமல் தாமிரம் எடுக்கத்தக்க ஒரு சுரங்கம் நமது பரண்களின்மேலேயே இருக்கிறது. உலகம் முழுவதிலும் 2022-ம் வருஷத்தில் சேர்ந்த மின்சாதனக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான் என்றும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தைச் சார்ந்த அறிக்கை கூறுகிறது.

இந்தச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் யார்? சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, ஊருக்குப் புறத்தே வற்றிக் கிடந்த வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். ஒரு தாயும் பதினான்கு வயது மதிக்கத்தக்க அவள் மகனும் ஒரு குவியல் மின்கம்பிகளைப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கறுத்த புகை தரையோடு தவழ்ந்தது. பையன் இருமிக்கொண்டே ஒரு கம்பால் கிளறிவிட்டான். "கத்தியால் உரித்தெடுக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "உரித்துக்கொண்டிருந்தால் பொழுது போதாதே, ஐயா. எரித்தால்தான் காலையில் கடையில் போட முடியும்" என்றாள் அந்த அம்மாள். எரிந்து கறுத்த தாமிரத்துக்கு உரித்த தாமிரத்தைவிட விலை குறைவு என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் எரித்தாள், மறுநாள் அரிசி வாங்கவேண்டும்.

கம்பியின்மேல் உள்ள உறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அதை எரித்தால் மூச்சுக் குழலை அரிக்கும் அமில வாயு கிளம்புகிறது. புற்றுநோய்க்குக் காரணமாகும் டயாக்ஸின் என்ற நஞ்சும் உண்டாகிறது. அது மண்ணிலும் மாட்டின் பாலிலும் கொழுப்பிலும் சேர்ந்து, கடைசியில் நமது வீட்டுக்கே திரும்புகிறது. நாம் எடைக்குப் போட்ட யந்திரம் எங்கோ போய்விட்டது என்று எண்ணுவது பேதைமை.

இன்னும் இரண்டு யந்திரங்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். பிரிட்ஜின் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறும். மிகப் பழைய பெட்டிகளில் இருப்பது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. 1987-ம் வருஷத்து மாண்ட்ரீல் உடன்படிக்கை ஒழிக்க முனைந்தது அதைத்தான். அதற்குப் பின் வந்த பெட்டிகள் பலவற்றில் இருப்பது, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வலிமையுள்ளது. தற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இருப்பதோ தீப்பற்றும் வாயு. அருகில் ஒரு பொறி விழுந்தால் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்ஸர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லத்தக்க மின்சாரத்தைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கக்கூடும். தாமிரத்துக்கு ஆசைப்பட்டு வீட்டிலேயே இவற்றைத் திறக்க முற்படும் வாலிபர்களை நாம் வணக்கமாகத் தடுக்கிறோம். இது பயிற்சி பெற்ற கைகளுக்குரிய வேலை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின்கழிவுக்கென 2011, 2016, 2022 ஆகிய வருஷங்களில் மூன்று முறை விதிகள் வெளியாயின. கடைசி விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. பண்டத்தைச் சந்தையில் இறக்குபவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி என்பது இவ்விதிகளின் சாரம். முன்பு பட்டியலில் 21 வகைப் பண்டங்கள் இருந்தன, இப்போது 106. முன்னே விடுபட்டிருந்த சமையலறை யந்திரங்களும் இப்போது உள்ளே வந்துவிட்டன. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. 2016-ம் வருஷத்து விதிகளில் 'பிரிப்பவர்' என்று தனியாக ஒரு வகுப்பு இருந்தது. 2022-ம் வருஷத்து விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள் தயாரிப்பவர், சந்தையில் இறக்குபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகிய நால்வரே. வாய்க்கால் ஓரத்துத் தாயும், தெருமுனைக் காயலான் கடைக்காரரும் இந்நால்வருள் யார்? ஒருவரும் அல்லர். இத்தனைக்கும் அவ்விதிகளே மாகாணச் சர்க்கார்களுக்குச் சில கடமைகளை விதிக்கின்றன. பிரிக்கும் தொழிலாளரை அங்கீகரித்துப் பதிவு செய்யவேண்டும், அவர்கள் குழுக்களாகச் சேர உதவவேண்டும், தொழிற்பயிற்சி அளிக்கவேண்டும், அவர்களுடைய உடல்நலத்தை வருஷந்தோறும் கண்காணிக்கவேண்டும், தொழிற்பேட்டைகளில் அவர்களுக்கு இடமோ கொட்டகையோ ஒதுக்கவேண்டும். சட்டம் பயின்றவன் என்ற முறையில் கூறுகிறோம்: ஏழைக்குச் சாதகமாக அச்சிடப்பட்ட வரிகள் அச்சிலேயே தங்கிவிடுவது நமது தேசத்தில் புதிதல்ல. அவற்றை வெளியே இழுத்து வருவதே பொதுஜன ஊழியரின் வேலை.

காயலான் கடைகளையே மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கூறும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். வீடு வீடாகச் சென்று, பேரம் பேசி, ரொக்கம் கொடுத்துப் பழஞ்சாமான் வாங்கும் ஆற்றல் எந்தப் பெரிய ஆலைக்கு இருக்கிறது? அந்த ஆற்றலை அழித்துவிட்டால் மிக்ஸி குப்பைமேட்டுக்குப் போகும். எரிப்பவர் மேலும் மறைவான இடத்துக்குப் போவார். வேண்டியது தண்டனை அன்று. கருவியும் இடமும் முன்பணமும். கையால் சுற்றிக் கம்பியின் உறையை உரிக்கும் சிறு யந்திரம் இருக்கிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். உரித்த தாமிரத்துக்குக் கிடைக்கும் அதிக விலை அந்தச் செலவை ஈடுசெய்யும். அந்தத் தாய்க்கு இல்லாதது அறிவன்று. ஒரு வாரம் பொறுத்திருக்கப் போதுமான கைப்பணம்.

ஆதலின் நமது வேண்டுகோள்கள் இவை. சர்க்கார் மேற்கண்ட கடமைகளை நிறைவேற்ற ஜில்லாவுக்கு ஒரு கொட்டகையேனும் திறந்து தொடங்கட்டும். தான் வழங்கிய யந்திரங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்கட்டும். கம்பெனிகள் உதிரி உறுப்புகளை நியாய விலையில் கடைகளுக்குக் கிடைக்கச் செய்யட்டும். காயலான் கடைக்காரர்கள் எரித்த கம்பியை வாங்குவதில்லை என்று தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளட்டும். வாங்குபவர் இல்லையேல் எரிப்பவரும் இரார். நாம் ஒவ்வொருவரும் முதலில் பழுது பார்ப்போம். முடியாதபோது உடைக்காமல் முழுதாகக் கொடுப்போம். கொடுக்கும்போது, 'இதை எங்கே, எப்படிப் பிரிப்பீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்போம்.

ஊருக்கு உழைக்க விரும்பும் வாலிபர்களுக்கும் ஒரு சொல். மேடைகள் காத்திருக்கும், பிரசங்கங்களும் காத்திருக்கும். இந்த வாரம் உங்கள் ஊர்ப் புறத்தே புகை எழும் இடம் எதுவென்று விசாரியுங்கள். அங்கே இருமிக்கொண்டு நிற்கும் பையனின் பெயரைக் கேட்டு, அவன் குடும்பத்தைத் தொழிலாளர் பதிவேட்டில் ஏற்றும்படி தொழில் இலாகாவுக்கு ஒரு மனு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். அந்தப் பையன் கையில் கம்புக்குப் பதில் உரிக்கும் யந்திரம் வருமளவும் அந்த மனுக்கள் நிற்கலாகாது.