தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது

லீவு நாளில் விஸ்வநத்தம் பக்கம் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டிலும் கபடியிலும் தலையில் அடிபடுவது புதிதல்ல. கார்க் பந்து நெற்றியில் படும். பாடி வருபவனை மடக்கும்போது முழங்கால் பொட்டில் இடிக்கும். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எந்திரி" என்று மறுபடி இறக்கிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

எழுந்து நடந்துவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. நடந்துதான் வெளியே போனார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து, மூன்றே நாளில் இறந்தார்.

இத்தகைய கசிவு அரிது. அடிக்கடி வருவது கன்கஷன் எனும் மூளை அதிர்ச்சி. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல் ஆகியவை அடையாளங்கள். பெரும்பாலும் நினைவு தப்பாது, ஸ்கேனிலும் தெரியாது. அது ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியவை:

- மயக்கம், வலிப்பு
- திரும்பத் திரும்ப வாந்தி
- கூடிக்கொண்டே போகும் தலைவலி
- குழறும் பேச்சு, கை கால் பலவீனம்
- காது, மூக்கிலிருந்து ரத்தமோ நீரோ வடிதல்
- எழுப்பினாலும் எழாத தூக்கம்

கழுத்து வலித்தாலோ கை கால் மரத்தாலோ தூக்கி உட்காரவைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் படுக்கவிடுங்கள்.

அபாய அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு பிள்ளை தூங்கலாம். முதல் நாள் மட்டும் தனியே விடக்கூடாது. ஓரிரு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. பிறகு பள்ளிக்கூடம், அது சிரமமில்லாமல் போன பிறகே, டாக்டர் சம்மதத்துடன், மெல்ல மெல்ல விளையாட்டு.

கார்க் பந்துக்கு ஹெல்மெட் கட்டாயம். அண்ணனுடையது தம்பிக்கு ஆடிக்கொண்டிருந்தால் பயனில்லை. அளவாக இருக்க வேண்டும், வாரைப் பூட்ட வேண்டும். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காது.

2019 ஆகஸ்ட் முதல் சர்வதேச கிரிக்கெட்டில் கன்கஷன் ஆன வீரருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம். தொழில்முறை ஆட்டக்காரரையே வெளியே உட்காரவைக்கிறார்கள். பி.டி. ஆசிரியர்களே, கேப்டன்களே, பெற்றோரே, சந்தேகம் வந்தாலே பிள்ளையை அன்று ஆடவிடாதீர்கள்.