சுழுத்தி என்னும் அதிசயம்

அந்தப் பையனை எழுப்புவது பெரும்பாடு. திண்டுக்கல்லில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்த நாட்களில், ஒருமுறை வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்துவிட்டான். திரும்பி வந்தவர்கள் தட்டினார்கள், கூவினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. எப்படியோ உள்ளே புகுந்து அடித்து எழுப்பினார்கள். அடிபட்டதுகூடப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. மதுரைக்கு வந்த பிறகும் அதே கதைதான். பகலில் அவனோடு மல்லுக்கு நிற்க அஞ்சிய பையன்கள், இரவில் தூங்குகிறவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மொத்திவிட்டு, மறுபடி கொண்டுவந்து கிடத்திவிடுவார்கள். காலையில் எழுந்தால் எதுவும் நடந்ததாகவே அவனுக்கு நினைவிராது.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் அந்தப் பையன். 1896 ஜூலையில், மதுரை வீட்டின் மாடியறையில் திடீரென்று சாவு பயம் அவனைப் பிடித்தது. ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கையையும் காலையும் நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாமல் எஞ்சுவது எது என்று உள்ளே பார்த்தான். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்கும்வரை இந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்துகொண்டது. அன்பர்களுக்கு அவர் பகவான்.

வாழ்க்கை வரலாறுகளில் அந்தத் தூக்கக் கதைகள் வேடிக்கைபோல வந்துபோகும். அவற்றை அப்படிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. பின்னாளில் இரண்டில்லாத பொருளுக்குச் சாட்சி கேட்டு வந்தவர்களிடம் அவர் திரும்பத் திரும்ப முன்வைத்த சாட்சி தூக்கம்தான்.

1902-ஆம் ஆண்டு, மலைமேல் விருபாட்ச குகையில் இருந்த இருபத்திரண்டு வயது மௌனியிடம், வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை சில கேள்விகளோடு போனார். வாய் திறவாதவர் எழுதிக் காட்டினார். 1923-ல் அச்சேறிய ‘நான் யார்?’ நூல் அப்படிப் பிறந்தது. பிறகு பகவானே அதைக் கட்டுரை வடிவில் அமைத்தபோது, தொடக்கத்தில் எதை வைத்தார் என்று பாருங்கள். எல்லா உயிரும் துன்பக் கலப்பில்லாத இன்பத்தை நாடுகிறது. ஒவ்வொருவரும் தம்மீதே அளவற்ற பிரியம் கொண்டிருக்கிறார்கள். மனமே இல்லாத நித்திரையில் அந்த இன்பத்தைத் தினமும் அனுபவிக்கிறார்கள். ஆகவே தன்னை அறியவேண்டும் என்று நூல் புறப்படுகிறது. படைப்பின் வரலாற்றையோ பரம்பொருளின் இலக்கணத்தையோ தேடி அவர் போகவில்லை. படிப்பறிவில்லாத கிழவிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஒன்றுபோலக் கிடைக்கிற ஒன்றை எடுத்து முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட்டார். நனவு, கனவு, சுழுத்தி என்னும் கனவற்ற தூக்கம், இம்மூன்றையும் கடந்த துரியம் என்று பன்னிரண்டே மந்திரங்களில் பேசி முடிக்கும் மாண்டூக்கிய உபநிடதத்துக்கும் இதே பாதைதான். ஆனால் உபநிடதத்தைக் கற்கத் துணை வேண்டும். தூங்க எவரும் கற்றுத்தர வேண்டாம்.

இந்தத் தூக்கத்தைப் படைப்பு எத்தனை அக்கறையோடு காத்துவந்திருக்கிறது!

அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையில் எஞ்சியிருக்கும் புளியமரங்களில் ஒன்றன் கீழே அந்தி நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். காம்பின் இருபுறமும் எதிரெதிராக விரிந்திருக்கும் சிற்றிலைகள், வெளிச்சம் குறையக் குறைய மெல்லச் சாய்ந்து, முகத்தோடு முகம் சேர்த்து மூடிக்கொள்ளும். பகலில் அடர்ந்து தெரிந்த கிளைக்குள் வானம் தெரியத் தொடங்கும். இப்படி இலை மூடும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை 1729-ல் ழான் ழாக் தே மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனையே காணாத செடி, பகல்வேளையில் இலை விரித்தது, இரவுவேளையில் மூடியது. காலம் அதன் உள்ளேயே இருந்தது. அந்த உட்கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது: மூளையே இல்லாத ‘காசியோபியா’ என்ற ஜெல்லிமீனும் இரவில் தூக்கம் போன்ற நிலைக்குப் போகிறது.

தூங்குகிற உயிர் இரையாகும், ஏமாறும், திருட்டுக் கொடுக்கும். அப்படியிருந்தும் எந்த உயிரிடமும் படைப்பு இதைப் பறிக்கவில்லை; வழி செய்து கொடுத்திருக்கிறது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய டால்பின், மூளையின் ஒரு பாதி தூங்க மறு பாதியால் விழித்திருக்கிறது. கடல்மேல் நாட்கணக்காக இறங்காமல் பறக்கும் கப்பற்பறவை, காற்றில் மிதந்தபடியே சில நொடிகள் கண்ணயர்கிறது. 2016-ல் அவற்றின் தலையில் சிறு கருவி பொருத்திப் பதிவுசெய்தபோது, பறக்கும் நாளில் சராசரியாக முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கின என்று தெரிந்தது. அந்தக் கொஞ்சத்தையும் அவை விட்டுவிடவில்லை.

மனிதனுக்குள் நடப்பது இன்னும் வியப்பு. கனவும் இல்லாத ஆழ்ந்த தூக்கத்தில் மூளையலைகள் நொடிக்கு நான்குக்கும் குறைவாகத் தாழ்ந்து, பெரிதாக, நிதானமாக எழுந்து விழுகின்றன. மூளை அணைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்செல்லோ மாசிமினி, ஜூலியோ டொனோனி முதலியோர் 2005-ல் வெளியிட்ட சோதனையில், விழித்திருப்பவரின் மூளையில் ஓரிடத்தைக் காந்தத் துடிப்பால் தூண்டினால் அதன் எதிரொலி பல பகுதிகளுக்கும் பரவியது. ஆழ்ந்து தூங்குபவரிடம் அது தொட்ட இடத்திலேயே அடங்கிவிட்டது. பகுதிகள் தனித்தனியே உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு இடையே பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. என் பெயர், என் சாதி, வாங்கிய கடன், பெற்ற பட்டம், போன மாதம் இறந்த உறவினரின் நினைவு, நான் நேசிக்கும் இந்த மலை எல்லாமே அந்த நேரத்தில் எனக்கு இல்லை. காலையில் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துவிடுகின்றன.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலையைத் தாண்டி நடந்தால், பின்னிரவு மூன்று மணிவாக்கில் பாதையோரமெங்கும் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். பதினான்கு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து களைத்தவர்கள், விடியற்கால பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். யாரும் எடுத்துப் போகாமலிருக்கச் செருப்பைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொண்ட ஒருவர். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, செல்போனை மார்போடு இறுக்கிய இளைஞன். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து கன்னம்வரை வழிந்து காய்ந்த ஒரு சிறுமி, அவள் காலை மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கும் அம்மா. எதிரே மலை, மேலே நிலா. இரண்டையும் தரிசிக்கத்தான் அத்தனை தூரத்திலிருந்து வந்தார்கள். இப்போது இரண்டும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்த முகங்களில் குறை ஏதும் தெரிவதில்லை. இந்த நிறைவு எங்கிருந்து வருகிறது என்று பகவான் கேட்கிறார். பொருளிலிருந்து வந்திருக்க முடியாது. ஒரு பொருளும் அங்கே இல்லை. உறவிலிருந்தும் அல்ல, இரண்டாவது ஆளே அங்கே கிடையாது. எஞ்சியிருப்பது தான் மட்டுமே. அந்தத் தான் ஒன்றே ஒன்றா, அந்தச் சிறுமிக்கு ஒன்றும் அவள் அம்மாவுக்கு ஒன்றுமாகப் பலவா? பிரித்துக் காட்ட உடம்பும் பெயரும் வேண்டும்; அவைதான் அப்போது இல்லையே.

“தூக்கத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே, அங்கே அறிவு இருந்தது என்று எப்படிச் சொல்வது?” அவர் முன்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அப்படிச் சொல்வது விழித்திருப்பவன்தானே என்று அவர் திருப்பிக் கேட்பார். தூங்கும்போது நீ இல்லாமல் போனதாகச் சொல்கிறாயா? “சுகமாகத் தூங்கினேன்” என்றுதானே எழுந்ததும் சொல்கிறாய்? இதை எளிதில் ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. விழித்தபின் உடம்பு லேசாக இருப்பதை வைத்து “நன்றாகத் தூங்கியிருக்கிறேன்” என்று ஊகிக்கிறோமே தவிர, அது நினைவல்ல என்பது தர்க்க சாஸ்திரிகளின் பழைய வாதம். 2016-ல் ஜெனிஃபர் வின்ட், டோரே நீல்சன், ஈவன் தாம்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், கனவற்ற தூக்கத்தில் உணர்வு முழுதுமாக மறைகிறது என்ற முடிவையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று எழுதினார்கள். தாம்சன் வேதாந்திகளின் சுழுத்தி விசாரத்தையும் ஊன்றிப் படித்தவர். வழக்கு இன்னும் முடியவில்லை.

சைவ சித்தாந்தம் இங்கே வேறு வழியில் போகிறது. அண்ணாமலையார் சந்நிதியில் நின்று அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உயிர் வேறு, இறைவன் வேறு. தூக்கத்தின் இருட்டு, உயிரை மறைக்கும் ஆணவ மலத்தின் இருட்டு. அங்கே உயிர் தன்னையும் அறியாது, தலைவனையும் அறியாது. அந்த எச்சரிக்கையை நான் வணங்குகிறேன். தூக்கம் முக்தி அல்ல என்று பகவானும் அழுத்திச் சொன்னார். மனத்தின் வித்து அங்கே அழியவில்லை, அதனால்தான் எழுந்த மறுகணமே அதே கவலையும் அதே கோபமும் முளைத்துவிடுகின்றன. அவர் காட்டியது சாக்கிர சுழுத்தி: விழிப்பு கெடாமலேயே சுழுத்தியின் அமைதி. வண்டிக்குள் தூங்குகிறவனுக்கு வண்டி ஓடுவது, நிற்பது, மாடு அவிழ்ப்பது எல்லாம் ஒன்றுதான். உடம்பென்னும் வண்டியில் ஞானி இருப்பது அப்படி என்று அவர் விளக்கியிருக்கிறார். சோம்பிக் கிடந்தவரின் வாழ்க்கையல்ல அது. ஊர் எழும் முன்பே ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார், அச்சுப் பிழை திருத்தினார். எழுப்ப முடியாத அந்தப் பையன், எந்த நேரத்தில் யார் வந்தாலும் பார்க்கலாம் என்று ஆசிரமத்துப் பழைய ஹாலின் சோபாவிலேயே இரவு பகலாக இருந்தார்.

சித்தாந்தமா, வேதாந்தமா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் என் மனம் பகவான் பக்கமே சாய்கிறது. நம்பு என்று அவர் சொல்லவில்லை, பார் என்றார். பார்க்கவேண்டியதையும் தொலைவில் வைக்கவில்லை. அறுபது வயது ஆனவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைத் தூக்கத்தில் கழித்திருப்பார். அத்தனை ஆண்டுகள் நாம் யாராக இருந்தோம் என்று ஒரு நாளாவது கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது திருவண்ணாமலையில் என்பது மரபு. தூங்குகிற தோழியை வாசலில் நின்று எழுப்பும் பெண்களின் பாட்டு அது. மார்கழி விடியலில் இங்கே ஒலிப்பது கடல் கடந்து சயாம் தேசத்துக்கும் போய், பாங்காக் அரசவை அந்தணர்களின் மந்திரமாக ‘திரியம்பாவை’ விழாவில் நிலைத்தது. தூக்கத்தை இவ்வளவு உயர்த்திவிட்டு, எழுப்பும் பாட்டைப் போற்றுவது எப்படிப் பொருந்தும் என்று முன்பெல்லாம் எனக்குள் கேட்டுக்கொள்வேன். இப்போது பொருந்துகிறது. சுழுத்தியில் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துதான் இருக்கிறோம். போனது தெரியாததுதான் குறை. கண்ணைத் திறந்துகொண்டு அங்கே போய்ச் சேரும்படி அந்தப் பெண்கள் கூப்பிடுகிறார்கள்.

அதற்கான இடத்தையும் பகவான் குறித்துக் காட்டியிருக்கிறார்: தூக்கம் கலைந்து, உலகம் இன்னும் வந்து சேராத அந்த இடைக்கணம். நாளைக் காலை விழிப்பு வந்ததும் செல்போனுக்குக் கை நீளுமுன் ஒரு நொடி அப்படியே கிடங்கள். என்ன கிழமை என்று தெரிவதற்கு முன், உங்கள் பெயர் ஞாபகம் வருவதற்கு முன், இருக்கிறோம் என்ற ஒன்று மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் ‘நான்’ எழும். அது எங்கிருந்து எழுகிறது என்று பாருங்கள். முதல் நாளே பிடிபடாமல் போகலாம். மறுநாளும் விழிப்பு வரத்தான் போகிறது. ‘நான் யார்?’ நூலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரமணாசிரமப் புத்தகசாலையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய புத்தகம்.